புட்டியை மட்டும் பார்த்தவர்களுக்கு

குழுவில் வந்த அந்தப் படத்தையும் கீழே ஓடிய கமெண்டுகளையும் பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை. ரோமா அம்மா ஒருத்தி (பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த சிறுபான்மை இனம்), மடியில் கைக்குழந்தை, பால் புட்டியில் கலர் சோடா. "இதுகளுக்குப் பெத்துக்க மட்டும்தான் தெரியும்" என்று எழுதியவர் நம்ம ஊர்க்காரர். யாரென்று உங்களுக்கே தெரியும்.

சோடா கொடுத்தது தப்புதான். ஆனால் அந்த வீட்டில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒருவராவது கேட்டீர்களா? இங்கே கிழக்கு ஸ்லோவாக்கியாவில் எத்தனையோ ரோமா குடியிருப்புகளில் வீட்டுக்குள் குழாயே கிடையாது. தூரத்திலிருந்து சுமந்து வர வேண்டும். பவுடர் பாலை எதில் கரைப்பாள்? புட்டியை எதில் கழுவுவாள்?

"தாய்ப்பால் கொடுக்கலாமே" என்பீர்கள். பலர் கொடுக்கிறார்கள். அந்தத் தாய் என்ன சாப்பிடுகிறாள்? உருளைக்கிழங்கும், மாவைப் பிசைந்து அடுப்பில் சுட்ட மரிக்ளியும். காசு தீர்ந்த வாரத்தில் அதுவும் குறையும். ரத்தசோகையோடு கர்ப்பம், உடம்பு தேறுவதற்குள் அடுத்தது. ரோமா மக்கள் வாழும் இன்னொரு நாடான செர்பியாவில் யுனிசெஃப் துணையோடு 2014இல் எடுத்த கணக்கில், ரோமா குடியிருப்புக் குழந்தைகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்றுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. நாடு முழுவதற்கும் பார்த்தால் நூற்றுக்கு ஆறுதான். சோடாவால் மட்டுமா இத்தனை வித்தியாசம்?

"சிகரெட் பிடிக்கிறார்களே?" பிடிக்கிறார்கள், பிள்ளையின் எடை குறையும். அதைப் பக்குவமாகச் சொல்லத்தான் ஸ்த்ரவே ரெகியோனி என்ற அரசு அமைப்பு குடியிருப்புகளிலேயே ஆட்களை வேலைக்கு வைத்திருக்கிறது. அவர்கள் வீடு வீடாக நடக்கிறார்கள். நீங்கள் கமெண்ட் போடுகிறீர்கள்.

"ஆஸ்பத்திரியை விட்டு ஓடிப்போகிறார்கள்" என்று இன்னொருவர். ஏன் ஓடுகிறார்கள்? பிரசவ வலியில் இருந்த ரோமா பெண்ணிடம் கையெழுத்து வாங்கி நிரந்தரக் கருத்தடை அறுவை செய்த வழக்கில், 2011இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஸ்லோவாக்கியாவுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. அரசு மன்னிப்புக் கேட்க 2021 ஆயிற்று. அம்மாவுக்கும் அத்தைக்கும் அது நடந்திருந்தால் நீங்கள் நிம்மதியாகப் படுத்திருப்பீர்களா?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மூத்தவள் பிறந்தது இங்கேதான். பிரசவம் முடிந்ததும் என்னைத் தள்ளிக்கொண்டு போய்க் கடைசி அறையில் விட்டார்கள். அங்கே இருந்த நாலு பேரும் ரோமா. என் நிறத்தைப் பார்த்து நானும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறார்கள். மணியை அழுத்தினால் யாரும் வரவில்லை. பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். என் வறண்ட உதட்டைப் பார்த்து "பானி?" என்றாள். தண்ணீருக்கு இந்தியில் சொல்கிற அதே சொல்தான் அவர்கள் மொழியிலும். தன் பாட்டிலை நீட்டினாள். அரை பாட்டில்கூட இல்லை, அவளும் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாங்கிக் குடித்தேன்.

மாலையில் கணவர் பாஸ்போர்ட்டோடு வந்தார். நர்ஸின் குரலே மாறிவிட்டது. மன்னிப்புக் கேட்டு, ஜன்னலும் தனிக் குளியலறையும் உள்ள அறைக்கு மாற்றினார்கள். அங்கே மேசையில் கண்ணாடிக் குடுவை நிறையத் தண்ணீர் இருந்தது.

அவளை ஏன் மாற்றவில்லை என்று நான் கேட்கவில்லை. ஒரு வார்த்தைகூட. மறுநாள் எட்டிப் பார்த்தபோது கட்டில் காலி. வீட்டில் இரண்டு சின்னதுகளை விட்டுவிட்டு வந்தவளாம். டாக்டர் சொல்லும் முன் கிளம்பிவிட்டதால் பிரசவ உதவித்தொகையும் போச்சு என்று நர்ஸ் சொன்னார்.

நேற்று அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், அவளாக இருக்குமோ என்று.