ஜெர்மனியில் சைவருக்குச் சாப்பாடு இல்லை என்று சொல்லாதீர்கள்

"ஜெர்மனிக்கா? உனக்கு ரொட்டியும் வாழைப்பழமும்தான்" என்று புறப்படும்போது பலர் பயமுறுத்தினார்கள். நான் முட்டை சாப்பிடுவேன். மீன், இறைச்சி தொடுவதில்லை. அதனால் பருப்புப்பொடியும் ஊறுகாயும் பை நிறையக் கட்டிக்கொண்டு போனேன். பத்து நாள் கழித்து அவற்றைப் பிரிக்காமலே திரும்பக் கொண்டுவந்தேன்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கிய மறுநாளே, ஆற்றுக்குத் தெற்கே சாக்சன்ஹௌசனில், ஆப்பிள் ஒயினுக்குப் பேர்போன பழைய உணவகம் ஒன்றில் 'க்ரூனே சோஸே' கேட்டு வாங்கினேன். பச்சைச் சாறு என்று சொல்லலாம். பார்ஸ்லி, சைவ்ஸ், சாரெல், போரேஜ், செர்வில், கிரெஸ், பர்னெட் என்று ஏழு இலைகள். அவற்றைப் பொடியாக அரிந்து புளித்த பாலேட்டிலோ தயிரிலோ கலக்கிறார்கள். அடுப்பில் ஏற்றுவதே இல்லை. குளிர்ச்சியாக, வேகவைத்த உருளைக்கிழங்கோடும் இரண்டாக அரிந்த அவித்த முட்டையோடும் வருகிறது. முதலில் நாக்கில் புளிப்பு, அப்புறம் பச்சிலை மணம், கடைசியில் கிரெஸ் இலையின் மெல்லிய காரம். மிளகாய் சேராத சாப்பாடு சப்பென்றுதான் இருக்கும் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேனே!

அந்த ஏழு இலைகளையும் கட்டாகச் சேர்த்து, தாளில் சுருட்டி விற்கிறார்கள். க்ளைன்மார்க்ட்ஹாலே சந்தையில் பார்த்தேன். 2016 முதல் இதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று இதைச் சாப்பிடுவது ஊர் வழக்கம்.

தெற்கே ஸ்டுட்கார்ட் பக்கம் போனால் 'கேஸ்ஷ்பெட்ஸ்லே'. முட்டையும் மாவும் பிசைந்து, பலகையிலிருந்து கொதிநீரில் வழித்துவிட்டு, பாலாடைக்கட்டியோடு புரட்டி, மேலே பொன்னிறமாக வறுத்த வெங்காயம். ஒரு தட்டு முடிப்பதற்குள் வயிறு நிறைந்துவிட்டது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வெறும் உருளை வறுவல்தானே என்று ஓர் உணவகத்தில் கேட்காமல் வாங்கினேன். உள்ளே பொடிப்பொடியாகப் பன்றிக் கொழுப்பு. 'ஷ்பெக்' என்பார்கள். பருப்பு சூப்பிலும் சாசேஜ் கிடக்கலாம். "ஓனே ஃப்ளைஷ், ஓனே ஷ்பெக்" என்று சொல்லிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். 'ஓனே' என்றால் 'இல்லாமல்', 'ஃப்ளைஷ்' என்றால் 'இறைச்சி'.

ரயில் நிலையத்து சாசேஜைப் படமெடுத்துப் போட்டு, ஜெர்மன் சமையலே இவ்வளவுதான் என்று தீர்ப்பு எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறவில்லை. அந்தந்த ஊரில் என்ன விளைகிறது, இப்போது என்ன பருவம் என்று அங்கிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். நான் போனது ஜூலையில். அவர்கள் உயிராக நினைக்கும் வெள்ளை ஆஸ்பரகஸ் என்ற தண்டுக் காய்கறியின் பருவம் ஜூன் 24-ஆம் தேதியோடு முடிந்துவிடுகிறது. அடுத்த பயணம் மே மாதத்தில்தான்.