இஞ்சி பூண்டுச் சாறு இதய அடைப்பைக் கரைக்காது

"இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாற்றோடு ஆப்பிள் சைடர் வினிகர் சேர்த்துக் காய்ச்சி, ஆறியதும் தேன் கலந்து குடித்தால் இதய அடைப்பு கரையும், கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்ற வாட்ஸ்அப் செய்தி மறுபடி சுற்றுகிறது. இது தவறு.

அடைப்பு என்பது ரத்தக் குழாய்க்குள் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு அல்ல. கொழுப்பு குழாயின் சுவருக்குள்ளேயே புகுந்து, வெள்ளை அணுக்கள் அங்கே திரண்டு, அழற்சியோடு (உடல் எதிர்வினையால் வரும் வீக்கம்) வளரும் படிவு அது. தொப்பை, சர்க்கரை, ரத்த அழுத்தம், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு எல்லாம் சேர்ந்து ஏறும் மெட்டபாலிக் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு இந்த அழற்சி அதிகம். குடித்த சாறு வயிற்றில் செரித்துவிடும்; அந்தச் சுவரைப் போய்க் கழுவாது. சர்க்கரை உள்ளவருக்குத் தினமும் தேன் வேறு!

நிறுத்தச் சொல்கிறார்களே, அந்த ஸ்டாட்டின் மாத்திரைதான் கெட்ட கொழுப்போடு அழற்சியையும் குறைக்கிறது. 2008-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வெளிவந்த ஜூபிட்டர் ஆய்வைப் பாருங்கள். அழற்சி அளவு கூடியிருந்த 17,802 பேரில், ஸ்டாட்டின் எடுத்தவர்களுக்கு வந்த மாரடைப்பு, வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு வந்ததில் பாதியைவிடக் குறைவு.

பூண்டு ரசம் தாராளமாகச் சாப்பிடுங்கள். மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அப்புறம், அந்தச் செய்தியை தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இதையும் சொல்லிவிடுங்கள்.