வைக்கிறாரா, கழற்றுகிறாரா?

(லண்டன் டேட் பிரிட்டன் கலைக்கூடம். மதுரையிலிருந்து வந்திருக்கும் அப்பா, வங்கியில் நகை மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை இன்னும் நம்பாதவர். உடன் மகள்.)

அப்பா: இந்த அம்மாள் கிரீடத்தை வைக்கிறாரா, கழற்றுகிறாரா?

மகள்: வைக்கிறார். எலன் டெர்ரி என்ற நடிகை, ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்தில் வரும் லேடி மக்பெத் வேடத்தில். 1889இல் ஓவியர் சார்ஜென்ட் வரைந்தது.

அப்பா: முடிசூட்ட ஒரு புரோகிதர்கூடக் கிடைக்கவில்லையா?

மகள்: கணவனைத் தூண்டிவிட்டு, ராஜாவைக் கொல்லச் செய்து வாங்கிய கிரீடம், அப்பா.

அப்பா: திருட்டு நகையா! அதுதானே பார்த்தேன். சொந்த நகையை அடகு வைக்க வருகிறவர் நகையையே பார்த்துக்கொண்டிருப்பார். மாமியார் நகையைக் கொண்டுவருகிறவர் வாசலைப் பார்ப்பார். இவள் கண் எங்கே இருக்கிறது, பார்.

மகள்: இந்தக் காட்சி நாடகத்திலேயே கிடையாது. லைசியம் அரங்கில் நடித்தபோதும் அவர் இப்படிக் கிரீடத்தைத் தூக்கவில்லை. ஓவியரே சேர்த்தது.

அப்பா: நடக்காத சம்பவத்துக்கு இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான சாட்சியா? எங்கள் ஆடிட்டர் விடமாட்டார்.

மகள்: உடையைப் பாருங்கள். பச்சையாக மின்னுவது மரகதமா?

அப்பா: (கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, காவலர் முறைக்கும் தூரம்வரை நெருங்கி) கல் இல்லை. இது... பொன்வண்டு! தீப்பெட்டியில் வேல இலை போட்டு வளர்த்திருக்கிறேன். முட்டைகூட இட்டது.

மகள்: சரிதான். சுமார் ஆயிரம் வண்டுச் சிறகுகளை வைத்துத் தைத்த உடை. எல்லாம் தானாக உதிர்ந்தவை என்கிறார்கள்.

அப்பா: யார் சொன்னது, வண்டா? ‘கீழே கிடந்தது சார்’ என்று எத்தனை பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள் தெரியுமா?

மகள்: எழுத்தாளர் ஆஸ்கார் வைல்ட்கூட இந்த உடையைக் கேலி செய்தார். லேடி மக்பெத்துக்குக் கணவனின் துணியும் வேலைக்காரர்களின் சீருடையும் உள்ளூர்க் கடையிலாம். தன் உடைக்கு மட்டும் பைசாந்தியம் என்ற தொலைதூர ஆடம்பர நகரத்துக்குப் போவாளாம்.

அப்பா: (குரலைத் தாழ்த்தி) அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா?

மகள்: ஆகியிருந்தது.

அப்பா: பாவம். அனுபவித்துச் சொல்லியிருக்கிறார்.

மகள்: அம்மாவிடம் சொல்கிறேன். சரி, இந்தப் படத்தில் இருப்பதற்கு நீங்கள் எவ்வளவு கடன் கொடுப்பீர்கள்?

அப்பா: கிரீடம் நாடகச் சாமான், கவரிங். சிறகுக்குக் கடன் தர விதி இல்லை. ஆனால் இந்த முகத்தோடு கவுண்டருக்கு வந்திருந்தால், கேட்ட தொகையைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, பின்வாசல் வழியாகப் போய்ப் போலீஸுக்குச் சொல்லியிருப்பேன்.