முதலில் விசாரியுங்கள், அப்புறம் பிள்ளையை அனுப்பச் சொல்லுங்கள்

கணவர் அடித்தார் என்று வழக்கு நடக்கும்போது பிள்ளையை அவரிடம் அனுப்பலாமா என்பதுதான் பேச்சு. நேற்றைய விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று தெரியும். "பிள்ளையை அப்பா கண்ணுல காட்டக் கூடாதுன்னுதான் குடும்ப வன்முறை கேஸ் போடுறாங்க" என்று ஒருவர் அடித்துப் பேச, சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல்தான் மனசை அரிக்கிறது.

நடப்பது என்ன? அடிபட்ட பெண் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போடுகிறார். முதல் விசாரணை 3 நாளுக்குள், அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பதோ வாய்தா மேல் வாய்தா. அதற்குள் கணவர் குடும்பநல நீதிமன்றத்தில் 1890ஆம் ஆண்டு கார்டியன் (பாதுகாவலர்) சட்டப்படி வழக்குப் போட்டு, பிள்ளையைப் பார்க்க ஒரு ஐ.ஏ.வும் (வழக்கு முடியும் முன்பே உத்தரவு கேட்கும் இடைக்கால மனு) சேர்த்துப் போடுகிறார். ஐ.ஏ.வில் சாட்சியைக் கூண்டில் ஏற்றுவது அபூர்வம். கணவர் பக்கம் அபிடவிட் (பிரமாணப் பத்திரம்), மனைவி பக்கம் கவுன்ட்டர் (பதில் மனு), கொஞ்ச நேர வாதம். அடித்தார் என்று கவுன்ட்டரில் இருந்தால், "அது அந்தக் கோர்ட்டில் பெண்டிங்" என்று பதில். சனிக்கிழமை காலை 10 முதல் மாலை 5 வரை பிள்ளையை அப்பாவிடம் அனுப்பு என்று உத்தரவு வந்துவிடும். ஒரு கோர்ட்டின் வழக்குக் கட்டை இன்னொரு கோர்ட் பார்ப்பதே இல்லை.

அனுப்பச் சொல்லும் முன், அடித்தாரா இல்லையா என்று முதலில் விசாரியுங்கள் என்றுதான் கேட்கிறோம். சட்டம் வழிவிட்டுத்தான் இருக்கிறது. சந்திப்பு பிள்ளைக்குக் கேடு என்று கருதினால் மாஜிஸ்திரேட் அதை மறுத்தே ஆக வேண்டும் என்கிறது குடும்ப வன்முறைச் சட்டத்தின் பிரிவு 21. அதே நிவாரணத்தைக் குடும்பநல நீதிமன்றத்திலேயே கேட்கலாம் என்கிறது பிரிவு 26. சாட்சியச் சட்டத்துக்குள் அடங்காத அறிக்கையையும் எடுத்துக்கொள்ள 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்படியிருக்க, குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் எழுதும் டி.ஐ.ஆரை (வன்முறைச் சம்பவ அறிக்கை) வரவழைத்துப் படிக்க என்ன தடை?

பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "கொடுமை செய்தார்" என்று ஒற்றை வரி எழுதிவிட்டு உட்காராதீர்கள். தேதி, இடம், அப்போது பிள்ளை எங்கே நின்றது என்பது வரை எழுதுங்கள். டி.ஐ.ஆர்., அரசு மருத்துவமனை ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, மகளிர் காவல் நிலையத்தின் சி.எஸ்.ஆர். (புகார் ரசீது) எல்லாம் இணையுங்கள். அனுப்ப மாட்டேன் என்று மட்டும் சொன்னால் பிடிவாதக்காரி என்று பெயர் வரும். கோர்ட் வளாகத்திலேயே, ஆலோசகர் முன்னால், 2 மணி நேரம், இரவு தங்கல் கூடாது என்று மாற்று கேளுங்கள். பிள்ளையைக் கொண்டுபோய் விடுவது மூன்றாவது ஆளாக இருக்கட்டும் என்பதையும் உத்தரவில் எழுத வையுங்கள்.

அந்த மூன்றாவது ஆள் ஏன் முக்கியம் தெரியுமா? கேட் வாசலில் பிள்ளை பையை மாட்டிக்கொண்டு நிற்கும். கணவர் குரலை உயர்த்தக்கூட மாட்டார். "கேஸை வாபஸ் வாங்கு, இல்லேன்னா இவன் சாயந்தரம் வர மாட்டான்." அவ்வளவுதான். இது எந்த வழக்குக் கட்டிலும் ஏறாது.

பொய்க் கேஸே இல்லையா என்பீர்கள். இருக்கிறது. அதற்காகத்தான் முதலில் விசாரியுங்கள் என்கிறோம். பொய் என்றால் சீக்கிரம் தெரியட்டும், அந்த அப்பாவும் வருஷக்கணக்கில் கோர்ட் பெஞ்சில் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் "பொண்டாட்டியைத்தானே அடிச்சார், பிள்ளையை அடிக்கலையே" என்று சொல்வதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. பக்கத்து அறையில் போர்வைக்குள் காதைப் பொத்திக்கொண்டு கிடந்த பிள்ளைக்கு ஒன்றுமே ஆகவில்லையா? அந்தப் பிள்ளையிடம்தான் சனிக்கிழமை காலையில், "செருப்பைப் போடு, அப்பா வந்துட்டார்" என்று அம்மாவையே சொல்ல வைக்கிறோம்.