கொழும்பு காலி வீதி நெரிசலுக்கு அந்தக் கணக்கு சரிவராது
ஓட்டோமெட்டிக் கியர் ஒயிலை வாகனத்தின் ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை என்கிறது கட்டுரை. பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு மாலையில் அரை மணி நேரம் ஊர்ந்து பாருங்கள். ஒயிலைக் கெடுப்பதே அந்தச் சூடுதான். என் காரில் 70,000 கிலோமீற்றரில் கழற்றினோம். சிவப்பாக இருக்கவேண்டியது கறுத்து, கருகல் மணத்தோடு வந்தது. இரும்புத் தூளைப் பிடிக்க கியர்பெட்டி அடித்தட்டில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறக் களி அப்பியிருந்தது. ஒயில் மாற்றிய பிறகுதான் கியர் வழுக்கியது என்று மேலே கருத்துகளில் ஒருவர் எழுதியிருக்கிறார். கியர்பெட்டிக்குள் இருக்கும் கிளட்ச் ஏற்கெனவே தேய்ந்திருக்கலாம். நான் மெஷின் போட்டுக் கழுவ விடவில்லை, வடித்து நிரப்பச் சொன்னேன். அப்படிச் செய்தால் டோர்க் கொன்வேர்ட்டரில் (என்ஜின் சுழற்சியை ஒயில் வழியாக கியருக்குக் கடத்தும் பாகம்) இருக்கும் ஒயில் வராது, சரி, கொஞ்சம் ஓடிவிட்டு இன்னொரு தடவை வடிக்கலாம். சீவீடி (பெல்ட்டில் ஓடும் கியர், அதற்கு ஒயில் வேறு) வாகனத்துக்கு மட்டும், 'எல்லாத்துக்கும் ஒரே ஒயில்தான் சேர்' என்கிற கராஜ் பக்கம் போகாதீர்கள்.