“எல்லா வண்டியும் இப்படித்தான் சார்” என்று இனி என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்

நான்கு மாதங்களாக, மாலையில் பெங்களூரு டிரினிட்டி சர்க்கிளைக் கடந்து அல்சூருக்குள் நுழைந்து, வேகத்தடைக்காக ஆக்சிலரேட்டரை விட்ட மறுகணமே என் இருசக்கர வண்டியின் சைலன்சர் பட்பட்டென்று வெடிக்கிறது. சோமேஸ்வரர் கோயில் பக்கம் பூக்கட்டும் அம்மா, “வயசுப் பசங்க மாதிரி நீங்களுமா சார்?” என்று கேட்டுவிட்டார். ஓடும் வண்டியின் சுவிட்சை அணைத்துப் போட்டு வேண்டுமென்றே வெடிக்க வைப்பவர்களோடு என்னையும் சேர்த்துவிட்டாரே என்று அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று முறை சர்வீசுக்கு விட்டேன். முதல் முறை பெட்ரோலைக் குறை சொன்னார்கள். இரண்டாம் முறை கேட்காமலே பிளக்கை மாற்றிப் பணம் வாங்கினார்கள். மூன்றாம் முறை, “கார்புரேட்டர் வண்டி, எல்லாம் இப்படித்தான் சார்” என்றார்கள். பதினொரு ஆண்டுகள் வெடிக்காமல் ஓடிய வண்டிக்கு இது எப்படி இயல்பாகும்?

ஆக்சிலரேட்டரை விட்டதும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் வழி ஏறக்குறைய மூடிக்கொள்கிறது, ஆனால் சக்கரம் இன்ஜினைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. அப்போது சிலிண்டருக்குள் போகும் சொற்பக் கலவை சரியாகப் பற்றாமல், எரியாத பெட்ரோல் ஆவியாகவே, இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் சூடான பென்ட் பைப்புக்குள் தள்ளப்படுகிறது. கார்புரேட்டரில் அப்போது பெட்ரோல் விடும் சிறு துளையான ஸ்லோ ஜெட் அடைத்துக் கலவையில் பெட்ரோல் குறைந்தால் இது இன்னும் மோசமாகும். ஆனாலும் அந்த ஆவி குழாய்க்குள் வெடிக்கப் புதுக்காற்று வேண்டும். புகை விட்டு விட்டு வெளியேறுவதால் குழாயின் அழுத்தம் கணத்துக்குக் கணம் ஏறி இறங்குகிறது. இன்ஜினோடு பைப் சேரும் இடத்தில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் வளையம் தேய்ந்து மயிரிழை இடைவெளி விழுந்திருந்தாலும், அழுத்தம் இறங்கும் கணத்தில் வெளிக்காற்று அதன் வழியே உள்ளே இழுக்கப்படும்.

இது வண்டி பழுது பார்ப்பவர்களுக்குத் தெரியாத ரகசியமா? சத்தத்துக்காகப் போலீசார் நிறுத்தினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதைக் கட்டப்போவது நான், அவர்கள் அல்லர்.

போன ஞாயிற்றுக்கிழமை இன்ஜின் ஆறிய பிறகு நானே தரையில் உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பென்ட் பைப் சேரும் இடத்தைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. அங்கே கசிவு இருப்பதைக் கண்ணுக்கு நேரே காட்டும் அந்தக் கரியை, மூன்று முறையும் பணத்தை எண்ணி வாங்கியவர்களில் ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை.