பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிளும் எங்கள் பழைய திடலும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு மேல் கப்சாய் என்ற சிறு மோட்டார் சைக்கிள்களின் சத்தம் கேட்டால் அக்கா எழுந்து உட்கார்ந்துவிடுவார். போன வருடம் அவர் மகன் அந்தச் சாலையில்தான் பந்தயம் ஓட்டிக் காலை உடைத்துக்கொண்டான். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர், "இந்தப் பையன்கள் உருப்படவே மாட்டார்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு இன்னும் அந்த வார்த்தை ஆறவில்லை.

படுத்துக் கிடந்த நாள்களில் அவன்தான் எனக்கு ஸ்பீட்வே பந்தயத்தைக் காட்டினான். "மாமா, இதுல பிரேக்கே இல்ல, பாருங்க" என்றான். உண்மைதான். 500 சிசி, ஒற்றை சிலிண்டர், மெத்தனால் எரிபொருள், ஒரே கியர். முட்டை வடிவ மண் தடத்தில் நான்கு பேர் நான்கு சுற்று. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். வளைவு இடதுபக்கம், முன்சக்கரமோ வலதுபக்கம் திரும்பியிருக்கும். பின்சக்கரத்தை வழுக்கவிட்டே திருப்புகிறார்கள். தரையில் உரசும் இடதுகாலுக்கு இரும்புக் காலணி.

பார்த்ததும் அப்பா ஞாபகம் வந்தது. மழை பெய்த செம்மண் பாதையில், ரப்பர் பால் வாளியைக் கட்டிக்கொண்டு, வண்டி வழுக்கும்போது ஹேண்டிலை எதிர்ப்பக்கம் ஒடித்துப் பிடிப்பார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது கைவந்த கலை. யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது நாடுகளுக்கிடையே நடக்கும் போட்டி. ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸில் ஒவ்வொரு ஓட்டத்திலும் நாட்டுக்கு இருவர். முதல் இடத்துக்கு 4 புள்ளி, அடுத்ததற்கு 3, அதற்கடுத்து 2, கடைசிக்குப் பூஜ்யம். ஒருவர் முதலாவதாக வந்து கூட்டாளி கடைசியாக வந்தால் 4தான். எதிரணி இரண்டாவதும் மூன்றாவதும் வந்தால் 5. அதனால் முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கிறார், கூட்டாளி எங்கே என்று. அவ்வளவு வேகத்தில், பிரேக் இல்லாமல்! 2021இல் மான்செஸ்டரில் பிரிட்டன் போலந்தை வென்றது இந்த முறையில்தான். போலந்து அணியில் 2019, 2020 உலகச் சாம்பியன் பார்ட்டோஷ் ஸ்மார்ஸ்லிக் இருந்தார். பிரிட்டனுக்கு ராபர்ட் லாம்பர்ட்டும் டான் பியூலியும் ஓட்டினார்கள். அந்தத் தரப்புக்கு 1989க்குப் பிறகு கிடைத்த முதல் உலகக் குழுப் பட்டம் அது.

போலந்து சும்மா இல்லை, 2023இல் சொந்த மண்ணில் உலகக் கிண்ணத்தையே வென்றது. எப்படி என்று தேடினேன். ஸ்மார்ஸ்லிக் கினிட்சே என்ற கிராமத்துப் பிள்ளை. லெஷ்னோ என்ற சிறு நகரத்துக் குழு 18 முறை தேசியச் சாம்பியன். இவ்வளவுக்கும் அடித்தளம் ஊருக்குள்ளேயே இருக்கும் மண் தடங்கள். பையன் பள்ளி விட்டு வந்து ஓட்டிப் பழகலாம்.

நம்மிடம் 1999 முதல் செப்பாங் பந்தயத் தடம் இருக்கிறது. ஒரு சுற்றே ஐந்தரைக் கிலோமீட்டர். பெருமைதான், மறுக்கவில்லை. கப்சாய்களுக்கான கப் பிரிக்ஸ் பந்தயமும் 1994 முதல் நடக்கிறது. ஆனால் லயத்தில் வளர்ந்த, மாதக் கடைசியில் பெட்ரோலுக்கே அம்மாவிடம் கை நீட்டும் பையன் அங்கே போய்ச் சேர்வது எப்படி? ஸ்பீட்வே தடத்துக்கு முந்நூறு மீட்டர் சுற்று இருந்தாலே போதும். பந்து விளையாடிய பழைய தோட்டத் திடல் ஒன்று லாலான் புல் மண்டிக் கிடக்கிறது. அதைக் கேட்டு ஆறு மாதத்துக்கு முன் கடிதம் கொடுத்தேன். இன்னும் பதில் இல்லை. சாலையில் பையன்களை மடக்கிப் பிடிக்க மட்டும் எல்லாருக்கும் நேரம் இருக்கிறது.

பிரேக் இல்லாத வண்டியை இவர்கள் கையில் கொடுக்கச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். சரி, கேளுங்கள். அங்கே எதிரே லாரி வராது. எல்லாரும் ஒரே பக்கம்தான் ஓட்டுவார்கள். ஓரத்தில் காற்றடைத்த தடுப்பு, பக்கத்தில் ஆம்புலன்ஸ், பயிற்றுநர், ஹெல்மெட். விழுவார்கள், அடிபடும், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் என் மருமகன் விழுந்த இடத்தில் தெருவிளக்குகூட இல்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அந்தத் திடலின் ஓரத்தை அளக்கப் போகிறேன். ஐம்பது மீட்டர் நாடா வாங்கிவிட்டேன். மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். மருமகன் வருகிறேன் என்கிறான், ஆனால் அவனால் இன்னும் சரியாகக் குந்த முடியவில்லை. வருகிறவர்கள் கீழே சொல்லுங்கள்.